தோட்டத்தில் ஓடிய புகைவண்டி
(வால்ட் டிஸ்னியின் வரலாறு)

நம் காலனியில் பிறக்கும் குழந்தைகளுக்குத் தாலாட்டும் புகைவண்டியின் ஊதல் ஒலியும் ஏறத்தாழ ஒரே நாளில் அறிமுகமாகின்றன. தண்டவாளத்துக்கு அருகில் வாழ்கின்றோம், தண்டவாளத்தால் உண்கின்றோம். எனினும் நாள்தோறும் காணும் பொருளிடத்தில் பெரியவர்களாகிய நமக்கு வியப்பு எழுவதில்லை. அவ்வியப்பு குழந்தைகளிடமே எஞ்சி நிற்கின்றது.

சென்ற ஆண்டு விழாவின்போது சிறுவர்களின் கைவேலைப் பொருள்களைச் சங்க மண்டபத்தில் பார்வைக்கு வைத்திருந்தோம். ஒரு மூலையில் பத்து வயதுச் சிறுவன் ஒருவன் அட்டை, தீப்பெட்டி, புட்டி மூடி ஆகியவற்றைக் கொண்டு ஒரு சிறு நிலையமும், கைகாட்டி மரமும், நான்கு பெட்டிகள் கொண்ட வண்டியும் செய்து வைத்திருந்தான். நாம் அருகே சென்று, பாடத்தை விட்டுவிட்டு இதையா செய்துகொண்டிருந்தாய் என்னும் பொருள்பட ஒரு சொல் கேட்டுவிட்டோம். அவன் முகம் வாடிற்று. அன்றிரவு நமக்கு உறக்கம் பிடிக்கவில்லை. இரயில்வேயில் இருபது ஆண்டுகள் எழுத்தராகப் பணிபுரிந்தும், அந்தக் கைகாட்டி மரத்தின் கை சரியான கோணத்தில் சாய்ந்திருந்ததைக் கூட நாம் அவனிடம் பாராட்டவில்லை அன்றோ!

அச்சிறுவனுக்குப் பட்ட கடனைத் தீர்க்கும் முயற்சியே இக்கட்டுரை. உலகப் புகழ் பெற்ற பெரியார் ஒருவர், தம் நாற்பத்தாறாம் வயதில், அச்சிறுவன் செய்ததையே செய்யத் தொடங்கினார். அவர்தாம் வால்ட் டிஸ்னி. மிக்கி எலியைப் படைத்தவர் என்று அவரை நம் இல்லக் குழந்தைகள் யாவரும் அறிவர். சிறு எஞ்சின் செய்தவர் என்று அறிந்தோர் நம்மிடையே சிலரே.

இளமையும் இருப்புப்பாதையும்

வால்ட்டர் இலையாஸ் டிஸ்னி 1901-ஆம் ஆண்டு டிசம்பர் 5-ஆம் நாள் அமெரிக்காவின் சிக்காகோ நகரில் பிறந்தார். 1906-இல் அவர்தம் பெற்றோர் மிசௌரி மாநிலத்து மார்சலீன் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து பயிர்த்தொழில் மேற்கொண்டனர். அவ்வூரின் வழியே சான்டா ஃபே இரயில்வேயின் பெருவழி சென்றது. உறவின் முறையில் சிற்றப்பா போன்ற மைக் மார்ட்டின் என்பவர் அப்பாதையில் எஞ்சின் டிரைவர். அவர் ஓட்டிவரும் வண்டியை எதிர்நோக்கிச் சிறுவன் வால்ட் தண்டவாளத்தில் காதை வைத்துக் கேட்பதுண்டாம். நம் காலனிக் குழந்தைகள் இதனை ஒருபோதும் பின்பற்றலாகாது என்பதை ஈண்டே சொல்லிவைக்கின்றோம்.

பயிர்த்தொழில் பலன் தரவில்லை. 1911-இல் குடும்பம் கான்சாஸ் நகரம் சேர்ந்தது. தந்தையார் செய்தித்தாள் விநியோக உரிமை பெற்றார். வால்ட்டும் தமையனார் ராயும் வைகறைக்கு முன் எழுந்து, பனியிலும் குளிரிலும் வீடு வீடாகத் தாள் போட்டனர். பள்ளியில் அவர் கண்ணயர்ந்ததில் வியப்பென்ன?

ஏறத்தாழப் பதினைந்து வயதில், கோடை விடுமுறையில், அவர் மிசௌரி பசிபிக் இரயில்வே வண்டிகளில் தாளும் மிட்டாயும் பழமும் சோடாவும் விற்கும் வேலையில் அமர்ந்தார். நம் நாட்டு வண்டிகளில் வேர்க்கடலையும் தேநீரும் விற்றுச் செல்லும் பிள்ளைகளை நினைத்துக்கொள்க. பித்தளைப் பொத்தான் வைத்த சீருடையில் அவருக்கு இருந்த பெருமிதம் வணிகத்தில் இல்லை. காலிப் புட்டிகள் காணாமற்போயின, பழங்கள் அழுகின. வேலையில் இழப்பே மிஞ்சிற்று. ஆயினும் டிரைவருக்கும் ஃபயர்மேனுக்கும் சுருட்டு முதலியன கொடுத்து நட்புப் பெற்று, நிலக்கரி வண்டி மீது ஏறிச் செல்லும் பேற்றை அவர் அடைந்தார். அந்தக் கோடை அவர் நெஞ்சில் முப்பது ஆண்டு உறங்கிக் கிடந்தது.

புகழும் களைப்பும்

பின்னர் நிகழ்ந்தவை உலகறிந்தவை, சுருங்கச் சொல்வோம். 1923-இல் கையில் நாற்பது டாலரோடு கான்சாஸ் நகரத்தில் வண்டியேறி ஹாலிவுட் சேர்ந்தார். 1928-இல், தாம் உருவாக்கிய ஆஸ்வால்டு என்னும் முயற்பாத்திரத்தின் உரிமை பிறர் கைக்குப் போய்விட்டதை நியூயார்க்கில் அறிந்தார். மனைவி லில்லியனுடன் புகைவண்டியில் ஊர் திரும்பும் வழியில் புதியதொரு பாத்திரத்தைச் சிந்தித்தார் என்பர். அவ்வாண்டு நவம்பரில் மிக்கி எலி திரைக்கு வந்தது. 1937-இல் 'ஸ்னோ ஒயிட்' வெளிவந்து, நெடிய கேலிச்சித்திரப் படம் ஒருவரும் பார்க்கமாட்டார்கள் என்று எள்ளியோர் வாயை அடைத்தது.

இவ்வளவு உயர்ந்தவர்க்கு என்ன குறை என்று எண்ணத் தோன்றும். குறை இருந்தது. 1941-இல் அவருடைய நிலையத்தில் ஓவியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். தம் குடும்பமெனக் கருதியவர்கள் வாயிலில் நின்று தமக்கெதிராக முழங்கியது அவரை உள்ளூர வருத்திற்று. போர் வந்தது, அயல்நாட்டு வருவாய் நின்றது, வங்கிக் கடன் பெருகிற்று. களைப்பாற அவர் முன்பு ஆடிவந்த போலோ ஆட்டமும் கழுத்தில் அடிபட்டதனால் நின்றுபோயிருந்தது. கை நோகப் படம் வரைந்தே வாழ்வைத் தொடங்கிய அவர், நாளடைவில் பிறர் வரைந்ததைப் பார்த்து ஒப்புதல் அளிக்கும் முதலாளியாகிவிட்டார். கைகளுக்கு வேலை இல்லை, மனத்துக்கு ஓய்வில்லை. அலுவலகத்தில் அமர்ந்து உழைக்கும் நம்மில் பலருக்கும் இந்நோய் புதிதன்று.

பொம்மை வண்டியும் நண்பர்களும்

1947-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் பருவத்தில் டிஸ்னி தமக்கென்றே ஒரு மின்சாரப் பொம்மை ரயில் வாங்கித் தம் அலுவலறைக்கு அடுத்த அறையில் பரப்பி வைத்தார். இளமையில் கிடைக்காத பொருளை நாற்பத்தாறாம் வயதில் தாமே தமக்கு அளித்துக்கொண்டார்.

அவரிடம் பணியாற்றிய ஓவியர் இருவர் இத்துறையில் அவருக்கு முன்னோடிகள். வார்டு கிம்பால் என்பவர் 1938-இல் உண்மையான பழைய நீராவி எஞ்சின் ஒன்றையே வாங்கித் தம் வீட்டுக் கொல்லையில் தண்டவாளம் போட்டு நிறுத்தியிருந்தார். ஒல்லி ஜான்ஸ்டன் என்பவர் அடிக்கு ஓர் அங்குலம் என்னும் அளவில், நிலக்கரி எரித்து நீராவியால் ஓடும் சிற்றெஞ்சின் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். அவ்வேலை நடந்த பட்டறைக்குச் சென்று பார்த்ததும் டிஸ்னியின் மனம் பொம்மையை விட்டு அகன்றது. கடையில் வாங்கிய வண்டி சுற்றிச் சுற்றி வரும். ஆனால் தீ மூட்டினால் மூச்சுவிடும் எஞ்சின் உயிருள்ளது போன்றதன்றோ!

1948-ஆம் ஆண்டு கோடையில் சிக்காகோவில் பெரியதோர் இரயில்வேக் கண்காட்சி நடந்தது. டிஸ்னியும் கிம்பாலும் சேர்ந்து சென்றனர். அங்கே பழைய எஞ்சின்களை இயக்கிப் பார்க்கும் வாய்ப்பும் அவர்களுக்குக் கிடைத்தது. திரும்பி வந்தபோது டிஸ்னி உறுதி செய்துகொண்டு வந்தார்: தாமும் ஓர் எஞ்சின் செய்யவேண்டும்.

முதலாளி மாணவரானார்

மாதிரியாக எடுத்துக்கொண்டது சென்ட்ரல் பசிபிக் இரயில்வேயின் 173-ஆம் எண் எஞ்சின். முன்னே நான்கு சிறு சக்கரங்கள், பின்னே நான்கு இயக்கச் சக்கரங்கள், அகன்ற புகைபோக்கி, பெரிய விளக்கு — பழைய அமெரிக்கப் படங்களில் நாம் காணும் எஞ்சின் வகை அது. அதன் பழைய வரைபடத்தைப் பெற்று, உண்மையில் எட்டில் ஒரு பங்கு அளவில் புதிய வரைபடங்கள் தீட்டினர். அதாவது அடி ஒன்றுக்கு ஒன்றரை அங்குலம். அமெரிக்கத் தண்டவாள இடைவெளி நான்கடி எட்டரை அங்குலம். அதன் எட்டில் ஒரு பங்கு ஏழு அங்குலத்துக்குச் சற்று மேல். இவ்வண்டிக்கு வைத்த இடைவெளி ஏழேகால் அங்குலம்.

படநிலையத்து இயந்திரப் பட்டறையின் தலைவர் ராஜர் பிராகி. டிஸ்னி மாலைவேளைகளில் அப்பட்டறைக்கு வருவார். பிராகி அவருக்கென ஒரு வேலைமேசை ஒதுக்கினார். ஊதியம் அளிப்பவர் மாணவர். ஊதியம் பெறுபவர் ஆசிரியர். தகடு வெட்டவும், கடைசல் பிடிக்கவும், பற்ற வைக்கவும் அவர் தொடக்கம் முதல் கற்றார். புகைபோக்கி, முகப்பு விளக்கு, கொடி தாங்கும் சிறு தண்டுகள் முதலிய பகுதிகளைத் தம் கையாலேயே செய்தார். கொதிகலம், உருளை முதலிய கடினமான பகுதிகளைத் தேர்ந்த தொழிலாளர்கள் செய்தனர். தம்மால் இயலாததை இயலும் என்று பாசாங்கு செய்யாமை தொழிலறிவின் முதற்படி எனலாம்.

மரவேலையில் அவர்க்கு இயல்பாகவே கைவந்தது. தொடரின் கடைசியில் செல்லும் கார்டு வண்டி முழுவதையும் அவரே செய்தார். வெளியே மட்டுமன்று, உள்ளே படுக்கை, மேசை, குளிர்காயும் இரும்படுப்பு யாவும் அதே அளவில் அமைத்தார். அவ்விரும்படுப்பு மிக அழகாக அமைந்ததனால், அதுபோல் பல செய்து, ஒவ்வொன்றுக்கும் வெவ்வேறு வண்ணம் தீட்டி, நண்பர்களுக்குப் பரிசளித்தார். கூரையை மூடியபின் எவர் கண்ணுக்கும் படாத இடத்தில் இவ்வளவு உழைப்பு ஏன் என்று நாம் கேட்கலாம். செய்தவர் கண்ணுக்குப் படும் அன்றோ, அதுவே விடை.

1949-ஆம் ஆண்டு டிசம்பர் 24-ஆம் நாள், படநிலையத்துக் கிறிஸ்துமஸ் கூட்டத்தில், எஞ்சின் முதன்முறையாக நீராவியால் ஓடிற்று. மனைவியாரின் பெயரால் அதற்கு 'லில்லி பெல்' எனப் பெயரிட்டார்.

மனைவியாரோடு ஓர் ஒப்பந்தம்

எஞ்சின் முடிந்தது, ஓடுவதற்கு நிலம் வேண்டுமே! லாஸ் ஏஞ்சலிசில் கேரல்வுட் என்னும் தெருவில் புதுவீடு கட்ட இடம் வாங்கினர். அம்மையாருக்கு மலர்த்தோட்டத்தின் மேல் கண். ஐயாவுக்கு இருப்புப்பாதையின் மேல் கண். டிஸ்னி தம் வழக்கறிஞரைக் கொண்டு, இருப்புப்பாதை செல்லும் உரிமை தமக்கு உண்டென முறைப்படி ஓர் ஒப்பந்தப் பத்திரம் எழுதச் செய்து, மனைவியாரும் மகளிர் இருவரும் கையொப்பமிடச் செய்தார். வேடிக்கைதான், எனினும் இல்லாளின் இசைவின்றிப் பொழுதுபோக்கு நிலைக்காது என்பதை அவர் உணர்ந்திருந்தார் என்பது இதனால் விளங்கும்.

பாதையின் நீளம் 2,615 அடி. அரைமைலுக்கு இருபத்தைந்து அடியே குறைவு. வளைவுகளும் கிளைப்பாதைகளும் 46 அடி நீள மரப்பாலமும் இருந்தன. அம்மையாரின் மலர்ப்பாத்திக்கு அடியில் 90 அடிச் சுரங்கம் சென்றது. அதனை நேராக அமைத்தால் செலவு குறையும் என்று கட்டுவோர் கூறியும் டிஸ்னி கேட்கவில்லை. பாம்பு போல் வளைத்தே கட்டச் செய்தார். உள்ளே புகுந்தவர்க்கு மறுபக்க வெளிச்சம் தெரியாமல் ஒருகணம் இருள் சூழவேண்டும் என்பது அவர் எண்ணம். பாதைக்குக் 'கேரல்வுட் பசிபிக்' எனப் பெயரிட்டார். மூல எஞ்சினுக்குரிய சென்ட்ரல் பசிபிக்கின் முதலெழுத்துகளே இதற்கும் அமைந்தன.

1950-ஆம் ஆண்டு மே மாதம் வண்டி ஓடத் தொடங்கிற்று. ஞாயிறு தோறும் நண்பர்களும் அவர்தம் குழந்தைகளும் வருவர். டிரைவர் தொப்பி அணிந்து, எஞ்சினுக்குப் பின்னுள்ள நிலக்கரி வண்டி மீது டிஸ்னி அமர்ந்து ஓட்டுவார். விருந்தினர் சரக்கு வண்டிகளின் மேல் வரிசையாக அமர்வர். வாரம் முழுதும் கணக்கும் கடனும் அழுத்திய மனம் அன்று இளகிற்று.

சுருங்காத இயற்கை

இவ்விடத்தில் ஒரு நுட்பத்தைக் கூறவேண்டும். எஞ்சினை எட்டில் ஒரு பங்காகச் சுருக்கலாம். இயற்கையைச் சுருக்க இயலாது. நீளம், அகலம், உயரம் மூன்றும் எட்டில் ஒன்றானால், எடையும் கொள்ளளவும் 512-இல் ஒன்றாகிவிடும். எட்டாயிரம் கிலோ எடையுள்ள பகுதி, அதே உலோகத்தில் செய்தால், பதினாறு கிலோவுக்கும் குறைவாகவே இருக்கும். கொதிகலத்தில் நீர் சிறிதளவே கொள்ளும், விரைவில் வற்றும். சிறு தீ விரைவில் எழும், விரைவில் அவியும். எனவே ஓட்டுபவர் நீர்மட்டக் கண்ணாடியிலிருந்து கண்ணை எடுக்கலாகாது.

வண்டி சுருங்கிற்று, ஆனால் அதன்மேல் அமரும் மனிதன் சுருங்கவில்லை. ஒடுங்கிய பாதையின்மேல் உயரமாகப் பெருஞ்சுமை அமரும்போது, வளைவில் வேகம் சற்று மிகுந்தாலும் வண்டி கவிழும். நீராவியின் சூடும் சுருங்கவில்லை. பெரிய எஞ்சினில் கையைச் சுடும் நீராவி சிற்றெஞ்சினிலும் அவ்வாறே சுடும்.

1953-ஆம் ஆண்டில் அதுவே நேர்ந்தது. விருந்தினர் ஒருவர் ஓட்டிச் செல்கையில், வளைவில் வேகம் மிகுந்து எஞ்சின் தடம் புரண்டது. பகுதி உடைந்து பீறிட்ட நீராவி, அருகே வந்த சிறு பெண் ஒருத்தியைச் சுட்டுப் புண்படுத்திற்று.

டிஸ்னி தயங்கவில்லை. பாதையை மூடினார்; எஞ்சினைப் பட்டறைக்கு அனுப்பி ஒதுக்கி வைத்துவிட்டார். தாம் ஓட்டவில்லை என்று பழியைப் பிறர்மேல் போட்டிருக்கலாம். சில வாரம் கழித்து மீண்டும் ஓட்டியிருக்கலாம். தம் வாழ்விலேயே மிக விரும்பிச் செய்த பொருளை, ஒரு குழந்தைக்குத் தீங்கு விளைந்ததென்று நிறுத்திக்கொண்டார். நமக்கு இவ்விடமே இவ்வரலாற்றின் உச்சமாகத் தோன்றுகின்றது. வேகத்தைக் குறைக்குமாறு வளைவுக்கு முன் பலகை நடும் துறையில் உழைக்கும் நாம் அச்செயலின் பொருளை நன்கு உணர்வோம்.

சிறியது பெரியதாயிற்று

தோட்டத்து வண்டி நின்றது, கனவு நிற்கவில்லை. பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து மகிழத்தக்க பூங்கா ஒன்று அமைக்கவேண்டும் என்றும், அதைச் சுற்றிலும் புகைவண்டி ஓடவேண்டும் என்றும் அவர் முன்பிருந்தே எண்ணி வந்தார். 1955-ஆம் ஆண்டு ஜூலை 17-ஆம் நாள் கலிபோர்னியாவின் அனஹைம் நகரில் 'டிஸ்னிலாந்து' திறக்கப்பெற்றது.

அதற்காக முதலில் செய்த எஞ்சின்கள் இரண்டு. அவற்றின் வரைபடம் எங்கிருந்து வந்தது? லில்லி பெல்லின் வரைபடங்களையே பெரிதாக்கிச் செய்தனர்! தோட்டத்துப் பாதையின் இடைவெளி ஏழேகால் அங்குலம். பூங்காப் பாதையின் இடைவெளி முப்பத்தாறு அங்குலம். ஏறத்தாழ ஐந்து மடங்கு. அன்று மாலைவேளைகளில் முதலாளிக்குக் கடைசல் கற்பித்த அதே பிராகிதான் இவ்வேலையையும் முன்னின்று நடத்தினார். சான்டா ஃபே இரயில்வேயைத் தோற்றுவித்த ஹாலிடேயின் பெயரும், அதன் தலைவராயிருந்த ரிப்லியின் பெயரும் அவ்வெஞ்சின்களுக்கு இடப்பெற்றன. மார்சலீனில் காது வைத்துக் கேட்ட இருப்புப்பாதைக்கு அச்சிறுவன் செலுத்திய நன்றி இது. பூங்காவில் விளையாட்டில்லை, தேர்ந்த ஊழியர், முறையான தடுப்புகள், ஒழுங்கான நிலையங்கள். கேரல்வுட்டில் கிடைத்த பாடம் வீண்போகவில்லை.

டிஸ்னி 1966-ஆம் ஆண்டு டிசம்பர் 15-ஆம் நாள் நுரையீரல் புற்றுநோயால் காலமானார். நெடுநாள் புகைப்பழக்கம் உடையவர். லில்லி பெல் சான் பிரான்சிஸ்கோவில் அவர் பெயரால் அமைந்த குடும்ப அருங்காட்சியகத்தில் இடம்பெற்றது. அவர் அமர்ந்து வேலை செய்த தோட்டத்துக் கொட்டகையை 1999-இல் லாஸ் ஏஞ்சலிசின் கிரிஃபித் பூங்காவில், சிற்றெஞ்சின் ஓட்டுவோர் சங்கத்தின் இடத்தில், பொதுமக்கள் காண அமைத்தனர்.

நமக்குரிய பாடம்

செல்வருக்கு இவையெல்லாம் இயலும்; நமக்கு இயலுமா என்று அன்பர்கள் வினவலாம். நீராவி எஞ்சின் இயலாதுதான். ஆனால் டிஸ்னி இன்பம் பெற்றது செலவழித்ததனால் அன்று. பணத்தால் வாங்கிய மின்சார வண்டி அவருக்கு நெடுநாள் நிறைவளிக்கவில்லை. தம் கையால் கடைந்த விளக்கும் இழைத்த பலகையுமே அளித்தன. அட்டைக்கும் கோந்துக்கும் ஓர் அளவுகோலுக்கும் அதிகப் பொருள் வேண்டா.

இவ்வரலாற்றைப் படித்தபின் அச்சிறுவன் வீட்டுக்கு நாம் சென்றோம். தந்தையார் நாற்காலி போட்டார். நாமோ தரையில் அமர்ந்து அவன் வண்டியைக் கேட்டு வாங்கிப் பார்த்தோம். அவன் கண்ணளவாகவே யாவும் செய்திருந்தான். உலகெங்கும் பொழுதுபோக்காளர் பெரிதும் கையாளும் அளவு எண்பத்தேழில் ஒரு பங்கு என்பதைச் சொன்னோம். நம் அகலப்பாதையின் இடைவெளி 1,676 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்துப் பார் என்றோம். தாளை எடுத்து வகுத்தான். பத்தொன்பதேகால் மில்லிமீட்டர் என்று விடை வந்தது. தன் தண்டவாளத்தை அளந்து பார்த்தான்; முப்பது இருந்தது. சிறிதும் வருந்தவில்லை, மறுநாளே பிரித்துவிட்டுப் புதிதாகத் தொடங்கிவிட்டான். வகுத்தல் கணக்கும் பாடம்தானே என்று தந்தையாரும் சிரித்தார்.

இவ்வாண்டு விழாவில் மண்டபத்தின் அதே மூலையில் அவனுடைய புதிய பாதை இருக்கும். அன்பர்கள் குழந்தைகளோடு சென்று காண்க. இதனால் என்ன பயன் என்று கேளாதீர்கள். பாதை பிரியும் இடத்தை எப்படி அமைத்தாய் என்று கேளுங்கள். அவன் சொல்லுவான், நாம் கேட்டு மகிழ்வோம்.

வாழ்க நம் சங்கம்! வளர்க நம் சிறார்!